உங்களுக்குத் தெரியுமா? கோரை ஓரத்துக் குட்டி வாத்து

மார்கழி மாதக் காலையில் ஏரிக்கரையில் நின்றால் தண்ணீர் முழுக்க வாத்தாக இருக்கும். ஊசிபோல் வால் நீண்டது ஊசிவால் வாத்து, கரண்டிபோல் அலகு விரிந்தது தட்டைவாயன் என்று பெரியவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லிவிடுவோம். கோரை ஓரமாக ஒதுங்கி மேயும் பழுப்புநிறக் குட்டியை மட்டும் 'ஏதோ வாத்துக் குஞ்சு' என்று விட்டுவிடுவோம். அது குஞ்சு அல்ல. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த, முழுதாக வளர்ந்த கிளுவை. அதைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொள்வோம், வாருங்கள்.

1. மாடப்புறாவுக்குச் சற்று மேல்
கிளுவையின் நீளம் அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை பெரும்பாலும் 34 முதல் 38 செ.மீ. எடை 300 முதல் 350 கிராம். மாடப்புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நம் ஊரிலேயே தங்கும் புள்ளிமூக்கு வாத்தோ 60 செ.மீ. இருக்கும். தண்ணீரில் தனியாக மிதக்கும் பறவையின் அளவைக் கண்ணால் கணிப்பது கடினம். பக்கத்தில் மிதப்பதோடு ஒப்பிடுங்கள். நெற்றியில் வெள்ளை நாமம் கொண்ட கறுப்பு நாமக்கோழி அருகில் இருந்தால், அதைவிடவும் சிறுத்துத் தெரிவதுதான் கிளுவை.

2. தலை கீழே, வால் மேலே
வாத்துகளில் இரண்டு பெரிய பிரிவு உண்டு. ஒன்று முழுதாக முங்கி அடிமண்ணில் இரை தேடும். மற்றது மேற்பரப்பிலேயே அலகால் அளைந்து மேயும். எட்டாவிட்டால் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை வானத்துக்குத் தூக்கும். கிளுவை இரண்டாவது வகை. அறுவடை முடிந்த வயலில் மந்தையாக ஓட்டிவந்து மேய்க்கும் நாட்டு வாத்துகள் செய்வதும் இதையேதான்.

3. ஓடுபாதை வேண்டாம்
முங்கும் வாத்துகளுக்குக் கால்கள் உடலின் பின்பக்கம் தள்ளி இருக்கும். பறக்கும்முன் அவை தண்ணீரின்மேல் தடதடவென்று ஓட வேண்டும். கிளுவைக்குக் கால்கள் நடு உடலில் அமைந்திருக்கின்றன. அரவம் கேட்டதும் நின்ற இடத்திலிருந்து நேராக மேலெழும். எழுந்த கூட்டம் ஒன்றாக வளைந்து, ஒன்றாகத் திரும்பி, உள்ளான் கூட்டம்போல் விர்ரென்று சுழலும்.

4. ஏரியின் எந்தப் பக்கம்?
நம் ஏரிகள் கரையோரத்தில், மதகுப் பக்கம்தான் ஆழம். எதிர்ப்புறம், வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில், தண்ணீர் பாய் விரித்தாற்போல் மெல்லிதாகப் பரவிக் கிடக்கும். ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான அந்தச் சேற்று விளிம்புதான் கிளுவைக்குப் பிடித்த மேய்ச்சல் நிலம். மதகருகே நின்று தேடினால் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

5. ஆணின் தலை
குளிர்காலத்தில் ஆண் கிளுவையின் தலை செம்பழுப்பு. கண்ணிலிருந்து பிடரிவரை பச்சைநிறப் பட்டை ஒன்று வளைந்து போகும். அதன் விளிம்பில் இளமஞ்சள் கோடு, எழுத்தாணியால் வரைந்ததுபோல் மெல்லியது. உடலின் சாம்பல்நிறம் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே பூச்சு. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் நுண்ணிய அலைவரிகள்.

6. வாலடியில் மஞ்சள் முக்கோணம்
வெளிச்சம் மங்கினால் பச்சைப் பட்டை கறுப்பாகிவிடும். அப்போது கைகொடுப்பது பின்பக்கம். ஆணின் வாலடியில் இருபுறமும் கறுப்பு விளிம்பு கட்டிய வெண்மஞ்சள் முக்கோணம் இருக்கும். அந்தி நேரத்திலும், வெகு தொலைவிலும், முகத்துக்கு முன்னால் இதுவே கண்ணில்படும்.

7. கிடைக்கோடா, செங்குத்துக்கோடா?
ஆண் கிளுவையின் விலாவுக்கு மேல், மடித்த இறக்கையின் நீளத்துக்கு, வெள்ளைக்கோடு ஒன்று கிடையாக ஓடும். வட அமெரிக்காவில் இதன் நெருங்கிய உறவான பச்சைச்சிறகுக் கிளுவை வாழ்கிறது. அதற்கு இந்தக் கிடைக்கோடு இல்லை. நெஞ்சோரத்தில் செங்குத்தாக ஒரு வெள்ளைக்கோடு இருக்கும். இரண்டு கண்டத்து ஆண்களையும் பிரித்துச் சொல்ல இந்த ஒரு கோடு போதும்.

8. பெண்ணின் அடையாளம்
பலரும் தடுமாறும் இடம் இது. பெண் கிளுவை முழுக்கப் பழுப்புப் புள்ளி. பொறுமையாக மூன்று இடம் பாருங்கள். முகத்தில் கண் வழியே ஒரு மெல்லிய கருங்கோடு, மற்றபடி வெறுமை. அலகு சிறியது, கருஞ்சாம்பல். அடியில் பெரும்பாலும் லேசான ஆரஞ்சுச் சாயல். வாலின் பக்கவாட்டில் வெளிறிய ஒரு கீற்று. மூன்றும் பொருந்தினால் சந்தேகம் வேண்டாம்.

9. மாறாத அடையாள அட்டை
ஆண், பெண் இரண்டின் இறக்கையிலும் பளபளக்கும் பச்சைச் சதுரம் ஒன்று உண்டு. அதன் முன்விளிம்பில் அகலமான வெண்பட்டையும் பின்விளிம்பில் மெல்லிய வெண்கோடும் இருக்கும். உடல் இறகுகள் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறினாலும், இந்தப் பறப்பு இறகுகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் உதிர்ந்து அதே நிறத்தில் முளைக்கும். மிதக்கும்போது இது பெரும்பாலும் மறைந்திருக்கும். இறக்கையைக் கோதும்போதும் சோம்பல் முறிக்கும்போதும் ஒரு நொடி தெரியும். அந்த நொடிக்காகக் காத்திருப்பதுதான் பறவை பார்த்தல்.

10. சாயமே இல்லாத பச்சை
அந்தப் பச்சை எந்தச் சாயத்தாலும் வந்தது அல்ல. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறித் திரும்பும்போது உண்டாகும் நிறம் அது. சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதும் இதுபோலத்தான். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மரகதம். எதிர்வெயிலில் வெறும் கறுப்பு. அதனால் காலையில் ஏரிக்குக் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பாருங்கள்.

11. வேடம் கலைத்த ஆண்கள்
இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் வண்ண இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப்போல் பழுப்பாகிவிடும். பறப்பு இறகுகளும் ஒரே சமயத்தில் கொட்டிவிடுவதால் சில வாரம் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் பகைவர் கண்ணில் படாமலிருக்கப் பழுப்புதான் கவசம். ஐப்பசியில் வந்திறங்கும் கூட்டத்தில் 'எல்லாமே பெண்ணாக இருக்கிறதே' என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

12. இரட்டைக் குழப்பம்: நீலச்சிறகி
கிளுவையோடு குழம்பும் முதல் பறவை நீலச்சிறகி. கிட்டத்தட்ட அதே அளவு, அதே மேய்ச்சல், பல சமயம் அதே கூட்டம். தெற்கே வர வரக் கிளுவையைவிட இதுவே அதிகம் கண்ணில்படும். வண்ணம் பூண்ட ஆணை அறிவது எளிது: பழுப்புத் தலையில், கண்ணுக்கு மேலிருந்து பிடரிவரை, பிறைநிலா போன்ற அகன்ற வெள்ளைப் புருவம்.

13. இரண்டு கோட்டுக்காரி
பெண் நீலச்சிறகியின் முகத்தைக் கவனியுங்கள். கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொரு மங்கிய கோடு, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. கிளுவைக்கு ஒரு கோடு, நீலச்சிறகிக்கு இரண்டு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலகும் சற்று நீளம். வாலோரக் கீற்று இல்லை.

14. பொங்கல்வரை பழுப்பு
கிளுவை ஆண்கள் கார்த்திகை, மார்கழியிலேயே வண்ணத்துக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகி ஆண்களோ பொங்கல் கழிந்தும் பழுப்பிலேயே இருக்கும். பல ஆண்களுக்கு மாசி வாக்கில்தான் வெள்ளைப் புருவம் முழுதாகத் தெரியும். அதுவரை காட்டிக்கொடுப்பது பறக்கும்போது தெரியும் முன்னிறக்கை. ஆணுக்கு அது வெளிர்நீலச் சாம்பல். தமிழ்ப்பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

15. காதாலும் காணலாம்
ஆண் கிளுவை கத்தாது; 'கிரிக்… கிரிக்' என்று மணிபோல் சீழ்க்கையடிக்கும். பெண்ணின் குரல்தான் 'க்வாக்', அதுவும் சற்றுக் கீச்சென்று. ஆண் நீலச்சிறகியின் குரலோ சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினாற்போன்ற கரகரப்பு. மூடுபனியில் ஒன்றும் தெரியாத காலையில்கூட, கோரைக்குப் பின்னால் மேய்வது யார் என்று சொல்லிவிடலாம்.

16. வேறு மூன்று சின்னவர்கள்
குள்ளத்தாரா: அல்லி படர்ந்த குளத்தில் மிதக்கும், ஆணுக்கு வெண்முகம், கழுத்தில் கரும்பட்டை. சீழ்க்கைச்சிறகி: நீண்ட கழுத்து, அகன்ற இறக்கை, பறக்கும்போது விடாத சீழ்க்கை. முக்குளிப்பான்: இது வாத்தே இல்லை, அலகு கூர்மை, கண்ணிமைக்கும் நேரத்தில் முங்கி வேறெங்கோ எழும். மூன்றும் நம் ஊரிலேயே குடும்பம் நடத்துபவை. சித்திரை வெயிலில் குட்டி வாத்து ஒன்றைக் கண்டால் முதலில் இவற்றையே நினையுங்கள்.

17. பெயருக்குள் சோழமண்டலம்
குள்ளத்தாராவின் அறிவியல் பெயர் நெட்டாபஸ் கோரமாண்டலியானஸ். சோழமண்டலக் கரையை ஐரோப்பியர் கோரமண்டல் என்று உச்சரித்தார்கள்; அந்த மண்ணின் பெயரே பறவைக்கு வந்தது. 26 செ.மீ. அளவிலும் காணப்படும் இது, உலகின் மிகச் சிறிய நீர்ப்புள் இனங்களில் ஒன்று. மரப்பொந்தில் கூடு வைக்கும்.

18. கடல் நடுவே ஒரு சொந்தம்
அந்தமான் தீவுகளுக்கே உரிய ஒரு கிளுவை இருக்கிறது. கரும்பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அலையாத்திக் காடுகளிலும் நன்னீர்க் குட்டைகளிலும் வாழ்கிறது. எண்ணிக்கையில் மிகக் குறைவு. வாழும் இடம் இத்தனை சுருங்கியிருப்பதால் ஒரு சதுப்பு அழிந்தாலும் அதற்குப் பேரிழப்பு.

19. தன் பெயரைத் தானே சொன்ன பறவை
கார்ல் லின்னேயஸ் 1758இல் கிளுவைக்கு இட்ட பெயரில் 'கிரெக்கா' என்ற சொல் இருக்கிறது. ஆணின் 'கிரிக்' ஒலியைப் பின்பற்றி எழுந்த சொல் அது. காகம் 'கா' என்று கரைந்து தன் பெயரைத் தானே சொல்வதைப்போல.

20. நிறத்துக்குப் பெயர் தந்த கண்பட்டை
கிளுவைக்கு ஆங்கிலத்தில் டீல் என்று பெயர். பச்சையும் நீலமும் கலந்த நிறத்தையும் டீல் என்கிறார்கள். பறவையின் கண்பட்டையிலிருந்துதான் நிறத்துக்குப் பெயர் போனது. நிறப்பெயராக அது பதிவானது 1917இல். விண்டோஸ் 95 கணினித் திரையின் பின்னணி நிறம் நினைவிருக்கிறதா? அதுவே டீல்.

21. வேலியிலும் கிளுவை
தமிழில் கிளுவை என்ற பெயர் ஒரு மரத்துக்கும் உண்டு. கொங்குநாட்டு மேய்ச்சல் காடுகளைச் சுற்றி உயிர்வேலியாக நிற்பது அதுதான். ஒரே சொல் வேலியில் மரமாகவும் ஏரியில் பறவையாகவும் வாழ்கிறது.

22. அலகுக்குள் சல்லடை
கிளுவையின் அலகோரத்தில் சீப்புப்பல்போல் நுண்ணிய தகடுகள் வரிசையாக இருக்கும். சேற்றுநீரை உறிஞ்சி ஓரமாக வெளியேற்றும்போது விதையும் புழுவும் உள்ளே தங்கிவிடும். பல்லில்லாத பறவை இரையை எப்படி அரைக்கும்? சிறு கற்களை விழுங்கி, தசைப்பையில் வைத்து அரைக்கும். துப்பாக்கி ரவையின் ஈயக்குண்டை அப்படிக் கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் செத்த வாத்துகள் உலகெங்கும் ஏராளம்.

23. பகலில் தூக்கம், இரவில் சாப்பாடு
நண்பகலில் தலையை முதுகில் செருகித் தூங்கும் கூட்டத்தைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் கிளுவைகள் பெரும்பாலும் இருட்டிய பிறகே மேயும். அந்தியில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிச் சேற்று விளிம்புகளுக்கும் நீர் நின்ற வயல்களுக்கும் போகும், விடியும்முன் திரும்பும். பகலில் கல்லெறிந்து எழுப்பினால், இரவெல்லாம் உழைத்தவரின் தூக்கத்தைக் கெடுக்கிறோம்.

24. விதை சுமக்கும் தபால்காரர்
குளிர்காலத்தில் கிளுவையின் முக்கிய உணவு கோரை போன்ற நீர்த்தாவரங்களின் சிறு விதைகள். தின்றவற்றில் சில செரிக்காமல் எச்சத்தோடு வெளியேறி, வேறொரு குளத்தில் முளைக்கும். யாரும் விதைக்காத குளத்தில் புது நீர்ச்செடி முளைத்தால், அதைக் கொண்டுவந்தது ஒரு குட்டி வாத்தாக இருக்கலாம்.

25. ஒரு மாதத்தில் பறக்கும் குஞ்சு
இவற்றின் பிறந்தகம் ஐஸ்லாந்திலிருந்து சைபீரியாவரை விரிந்த வடநிலம். தரையில், புல் மறைவில் கூடு. 8 முதல் 11 முட்டை. சுமார் 3 வாரம் அடைகாப்பு. பெண் அடையில் அமர்ந்ததும் ஆண் விலகிப் போய்விடும். குஞ்சுகள் 25 முதல் 30 நாளில் பறக்கக் கற்றுவிடும். வடக்கின் கோடை அத்தனை குறுகியது. மெல்ல வளர நேரமில்லை.

26. காலில் ஒரு முகவரி
பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் இட்டு வருகிறது. கோடியக்கரை அதற்குப் பேர்போன இடம். இங்கே வளையமிட்ட வாத்து வெகுதூரத்து வடநாட்டில் கிடைக்கும்போது, இரண்டு ஊருக்கும் நடுவே வானத்தில் ஒரு பாதை புலப்படுகிறது. வளையமிட்ட பறவை கண்ணில்பட்டால் எண்ணைக் குறித்துத் தெரிவியுங்கள்.

27. ஊரே காவல்
செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், படைவீரர்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்து மூலம் கிடைத்தது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தார்கள். கூடு கட்டும் நாரைக்காகவும் கொக்குக்காகவும் காத்த ஏரியில் கிளுவைக்கும் இடம் கிடைத்தது.

28. சட்டமும் ஒப்பந்தமும்
1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஈரநிலங்களுக்கென 1971 பிப்ரவரி 2இல் ஈரானின் ராம்சர் நகரில் உலக ஒப்பந்தம் உருவானது. 2002இல் கோடியக்கரை தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமானது. 2025 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 20.

29. ஆழப்படுத்தினால் போதுமா?
தூர்வாருவது நல்ல வேலை. ஆனால் ஏரி முழுவதையும் தொட்டிபோல் ஒரே ஆழத்துக்கு வெட்டி, சுற்றிலும் செங்குத்துக் கரை எழுப்பினால், ஒரு சாண் தண்ணீரில் மேயும் பறவைக்கு இடமே இல்லாமல் போகும். தண்ணீர் ததும்பி நிற்கும், கிளுவை வராது. வரத்துக்கால் பக்கத்துச் சரிவையும் கோரையையும் விட்டுவைத்தால் ஏரிக்கும் கேடில்லை, பறவைக்கும் பஞ்சமில்லை.

30. 'வாத்து 40' போதாது
1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவை தெரிந்த எவரும் சேரலாம். நோட்டில் 'வாத்து 40' என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. 'கிளுவை 12, நீலச்சிறகி 28' என்று எழுதினால், எந்த இனம் வருகிறது, எது குறைகிறது, இந்த ஏரியின் எந்த விளிம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதெல்லாம் பத்தாண்டு கழித்து அந்த வரியிலிருந்து தெரியவரும்.

பங்குனி வெயில் ஏறும்போது அவை வடக்கே கிளம்பிவிடும். அதற்குமுன் ஒரு காலை ஏரிக்குப் போங்கள். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, வரத்துக்கால் பக்கம் சத்தமில்லாமல் உட்காருங்கள். முகத்தில் எத்தனை கோடு, வாலோரத்தில் கீற்று உண்டா, இறக்கை விரிகையில் பச்சையா என்று பாருங்கள். மூன்று கேள்விக்கும் விடை கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் 'அதோ, கிளுவை' என்று காட்டுங்கள். அடுத்த மார்கழியில் அந்தப் பிள்ளை உங்களுக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்.